ரயிலு வூட்டு அடுப்பு

அக்கா,

என் தாவணியில் பால் கருகிய வாசனை இன்னும் போகவில்லை. அதோடு சவுக்கு விறகுப் புகையும் சேர்ந்திருக்கிறது. போய்க் குளி என்று அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். குளித்தால் வாசனை போய்விடும். அதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.  

நீ இருந்திருந்தால் தெருமுனையிலேயே என்னை மடக்கி, "இடிச்சாங்களா, வுட்டாங்களா? அத மட்டும் மொதல்ல சொல்லு" என்று உலுக்கியிருப்பாய். சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். எந்தக் கதைக்கும் முடிவை முதலில் போட்டு உடைப்பது நீ. இன்றைக்கு ஒருநாள் நான் சொல்கிறபடி கேள்.

இன்று நம் ரயிலு வூட்டில் பால் காய்ச்சினார்கள்.

ஒரகடம் போகிற ரோட்டை விட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினால் புளியமரங்களுக்கு நடுவில் அந்த வீடு தெரியும் அல்லவா, இப்போது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. அந்தக் காலத்தில் ஏரி வேலை பார்க்க வந்த துரை ஒருவன் தனக்கென்று கட்டிக்கொண்டானாம். தாழ்ந்த ஓட்டுக்கூரை, கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கைகள், நடுவில் ஒரு புகைக்கூண்டு. அந்தப் புகைக்கூண்டைப் பார்த்துத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு ரயிலு வூடு என்று பெயர் வைத்தார்கள். நானும் சின்ன வயதில் அது ஒருநாள் கிளம்பிப் போய்விடும் என்றே நம்பியிருந்தேன்.

தை கழிந்து நாம் வேலைக்குப் போன முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைப்பாக்கத்தில் பாதிப் பேர் மறைமலை நகர் கம்பெனிகளில் இடம் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தார்கள். நாம் சாந்து அள்ளுகிற பாண்டும் மரம் தேய்க்கிற உப்புத்தாளும் தூக்கிக்கொண்டு பழைய வீட்டுக்குள் போனோம். வீட்டை வாங்கிய டீச்சரம்மா காலேஜில் சரித்திரம் நடத்துகிறவர். ஒரு தடித்த வெளிநாட்டுப் புத்தகத்தைத் திறந்து படம் காட்டினார். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சிலருக்கு மிஷினில் செய்த சாமான்கள் அலுத்துப் போயிற்றாம். வீடு என்றால் அதைச் செய்த கை தெரிய வேண்டும், மரம் மரமாகவே இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்களாம். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்று அதற்குப் பெயராம். இந்தத் துரையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருப்பான் என்றார்.

நீ இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாய். "மிசினு அலுத்துப்போய் கையால செஞ்சாங்களா? நல்லா கீதே கத! இங்க எங்க ஊட்டுக்காரரு கையால செஞ்சு அலுத்துப்போய் மிசின தேடிக்கினு கீறாரு. ரெண்டு பேரையும் மாத்தி வுட்டுடலாம் டீச்சரம்மா."

டீச்சரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே அவருக்கு உன்னைப் பிடித்துவிட்டது. என்னைப் பார்த்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். நான் வழக்கம்போல உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் பெயரையும் நீதான் சொன்னாய்.

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் பல காரணங்கள் சொல்வார்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு உயிர் போகும் என்பதுதான் நிஜமான காரணம். அது உனக்கு மட்டும் தெரியும். மேஸ்திரி என்னை ஊமச்சி என்று கூப்பிடும்போதெல்லாம் நீ, "அவ ஊமச்சி இல்ல மேஸ்திரி. அவளுக்கு நான் மைக் செட்டு" என்பாய். அப்படித்தான் நம் வேலை நடந்தது. நான் உன் காதில் சொல்வேன். நீ ஊருக்குச் சொல்வாய்.

எத்தனை கண்டுபிடித்தோம் அக்கா! பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி, காவிக்கும் கீழே தேக்கு. காஸ்டிக் சோடா பட்டுக் கை எரியும். ஆனாலும் மரத்தின் வரி ஓடி வருவதைப் பார்க்கிற ஆசையில் சோறு தின்னப் போக மாட்டோம். சன்னலோடு சேர்த்தே செய்த பெஞ்சு ஒன்று பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஆணி அடிக்காமல் மர முளை இறக்கிச் சேர்த்த அலமாரி இருந்தது. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தபோது அந்த மரம் எருமைக்கன்று குளித்து எழுந்த மாதிரி மின்னியது. அதைச் சொன்னதும் நீதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஹாலில் மேற்குச் சுவரில் இருந்த அந்த அடுப்புதான். கணப்பு என்று டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தார். நீ கடைசிவரை ஹால் அடுப்பு என்றே சொன்னாய். "நம்மூரு வெயிலுக்கு இவனுக்குக் குளுருச்சாமா? ஜுரக்காரனா இருப்பான்" என்றாய். ஆனாலும் அதன் முகப்பிலும் முன்தரையிலும் பதித்திருந்த பச்சை ஓடுகளைப் பல் விளக்குகிற பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தது நீயும் நானும்தான். ஒவ்வொரு ஓட்டிலும் ஓர் இலை. ஓர் இலை மாதிரி இன்னொன்று இல்லை. புகைக்கூண்டுக்குள் ஏணி போட்டு நீ ஏறி, மைனாக்கூடுகளையும் காற்றாடி நூலையும் உருவி எறிந்தாய். கரியைப் பூசிக்கொண்டு இறங்கி வெளியே வந்தபோது வேலி ஓரம் நின்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நீ அவர்களை ஏரிக்கரை வரை துரத்திக்கொண்டு போய்விட்டு வந்தாய்.

அந்தச் செம்புத் தகட்டு விவகாரத்தை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். அடுப்புக்கு மேலே கவிழ்த்திருந்த செம்புக் கூண்டைப் புளி போட்டுத் துலக்கினோம். உள்ளே தங்கம் மாதிரி வந்தது. ஆனால் மேலெல்லாம் சின்னச் சின்ன ஒடுக்கு. டீச்சரம்மா மெட்ராஸ் போயிருந்த நாளில், அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நீ ஈயம் பூசுகிறவரைக் கூட்டி வந்து ஒடுக்கு எடுக்கச் சொல்லிவிட்டாய். அவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைக் கண்ணாடி மாதிரி தட்டி நேராக்கிவிட்டார். டீச்சரம்மா வந்து பார்த்தார்.  மணல் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, நல்லா வரலியா?"

"அது ஒடுக்கு இல்லம்மா. சுத்தியால ஒவ்வொண்ணா அடிச்சு வேணும்னே போட்டது. அதுதான் அழகே. செஞ்சவன் கை அதுலதான் தெரியுது."

"வேணும்னே ஒடுக்கு போட்டானா! அதுக்குக் கூலி வேற குடுத்துகீறானா அந்தத் தொர?"

ஈயம் பூசுகிறவர் தலையைச் சொறிந்தார். "நான் பொறந்ததுலேர்ந்து ஒடுக்கு எடுத்துக்கினு கீறேன். போட்டுப் பழக்கமில்லியே தாயி" என்றார்.

நான் உன் காதில் சொன்னேன். குண்டுத் தலைச் சுத்தி எடுக்கட்டும், உள்பக்கமாகத் தட்டாமல் வெளியிலிருந்து தட்டட்டும், அந்தப் பக்கம் வரிசை எப்படிப் போகிறதோ அப்படியே இங்கேயும் போகட்டும் என்று. நீ அதை ஏதோ நீயே யோசித்த மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். சாயங்காலத்துக்குள் பழைய ஒடுக்கு எது, புது ஒடுக்கு எது என்று தெரியாதபடி ஆகிவிட்டது. "பாரு, ஒடுக்கு எடுத்தவரே ஒடுக்கு போட்டுட்டாரு. கலிகாலம்!" என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

இவ்வளவு செய்த பிறகுதான் சித்திரையில் பெரியவர் வந்தார். டீச்சரம்மாவின் மாமனார். காஞ்சிபுரத்துப் பக்கம் நிலபுலன் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தவர். மாமியார் காலமாகிவிட்டதால் இனிமேல் இங்கேயே வந்து இருக்கப்போகிறவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் பிடித்தது. அடுப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மனுசன் உக்கார்ற கூடத்துல எவனாவது தீ மூட்டுவானா? இது அடுப்பு இல்லம்மா, சிதை. இத இடிச்சுட்டுத்தான் பால் காச்சணும். இல்லன்னா நான் படி ஏற மாட்டேன்."

அவர் போன பிறகு டீச்சரம்மா சன்னல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நீ அருகில் போய், "அழாதீங்க. பால் காச்சற அன்னிக்கு நான் பேசிக்கிறேன் பெரியவர் கிட்ட. அதுவரைக்கும் மர வேல முடியலன்னு சொல்லி ஓட்டுங்க" என்றாய். என்ன பேசப்போகிறாய் என்று வழியெல்லாம் கேட்டேன். "அப்போ பாரு" என்று கண்ணடித்தாய்.

ஆனி மாதம் உன் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் குடித்தாய். சரியாகிவிட்டது என்று நீயே சொல்லிக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தாய். அப்புறம் ஒருநாள் வரவில்லை. அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் உன் வீட்டு வாசலில் நின்றோம். அதை நான் இதில் எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் வேலைக்குப் போனேன். கடைசி வரிசை ஓடுகளை நான்தான் தேய்த்தேன். இடிக்கப்போகிற அடுப்பை எதற்குத் தேய்க்கிறாய் என்று மேஸ்திரி கேட்டார். நான் அடுத்த ஓட்டைத் தேய்க்கப் போனேன். அந்த வீட்டில் நீ கை வைக்காத இடம் இல்லை. ஆனால் மற்ற வேலைகளில் பல பேர் கை கலந்திருந்தது. அந்த அடுப்பின் பச்சை ஓடுகளில் உன் கையும் என் கையும் மட்டும்தான். அதை இடித்தால் உன்னை மறுபடி ஒருமுறை தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. யாரிடம் சொல்வேன்? எதையும் நான் உன்னிடம்தானே சொல்வேன்.

இன்று காலை போனபோது வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து டீச்சரம்மா தேடித் தேடி வாங்கிய பழைய தேக்கு நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் காரிலிருந்து இறங்கினார். வாசற்படிக்கு வெளியிலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் நிக்குதே?"

டீச்சரம்மா, "மாமா, ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிசமும் வேணாம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள இடிங்க. பால வெளியில காச்சிக்கலாம். யாருப்பா மேஸ்திரி?"

மேஸ்திரி ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அடுப்பு ஓரமாகச் சாத்தினார். தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினார். சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள், தூசு படக்கூடாது என்று.

நான் உன்னைத் தேடினேன் அக்கா. நிஜமாகவே இடப்பக்கம் திரும்பினேன், உன் காது இருக்கிற உயரத்துக்கு வாயைக் கொண்டுபோனேன். அங்கே சன்னல்தான் இருந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் நிற்கிறேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"ஐயா, பால அதுலயே காச்சிப் பாக்கலாங்கய்யா."

பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். "யாரும்மா நீ?"

மேஸ்திரி, "ஏய் ஊமச்சி, உள்ள போ" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"கிழக்கால பொங்குச்சுன்னா சாமி ஒத்துக்குச்சுன்னு வெச்சிக்கலாம். வேற பக்கம் பொங்குச்சுன்னா..."  கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தேன். "வேற பக்கம் பொங்குச்சுன்னா மொத இடி நானே இடிக்கிறேன். நாங்கதான் அத தேச்சு வெச்சோம்."

கூட்டத்தில் ஓர் அம்மாள், "அது சரியாத்தானே சொல்லுது பொண்ணு" என்றாள். இன்னொருவர், "பால் பொங்குன எடத்துல அப்புறம் என்னாங்க தோஷம்?" என்றார். பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. அடுப்பை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"செங்கல் கொண்டா" என்றார்.

நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் மஞ்சள் பூசினேன். அடுப்புக்குள் குனிந்து கல் வைக்கும்போது தைப்பொங்கலன்று உன் வாசலில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டுப் பானை மட்டும் வருஷா வருஷம் கிழக்கே பொங்குகிற ரகசியம். "பால் இன்னா பண்ணும், பள்ளத்தப் பாத்து ஓடும். சாமிக்கு நாமதான்டி ரோடு போட்டு வுடணும்." அந்த அடுப்பின் வாய் கிழக்கே பார்த்திருக்கிறது. முன்கல்லுக்கு அடியில் பரப்பியிருந்த மண்ணைக் கொஞ்சம் விரலால் வழித்தேன். கல் ஒரு நூலளவு இறங்கியது.

தலைக்கு மேலே நிழல் விழுந்தது. பெரியவர் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டார். என் விரல் கல்லுக்கடியிலேயே நின்றுவிட்டது.

அவர் விறகைச் சரி செய்கிற மாதிரி கையை நீட்டினார். என் காதில் மட்டும் விழும்படி மெதுவாகச் சொன்னார். "பத்தாது. இன்னும் கொஞ்சம் எறக்கு. எங்கூட்டுல அவ அப்படித்தான் வெப்பா."

அக்கா, அந்த மனுஷனுக்கும் அதை இடிக்க மனசில்லை! சித்திரையில் எல்லோருக்கும் முன்னால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வர அவருக்கு ஒரு படி வேண்டியிருந்தது. அவ்வளவுதான். நான் கல்லை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவர் நிமிர்ந்து, ஒன்றும் தெரியாதவர் போலத் தொண்டையைச் செருமி, "ம், பத்த வைங்க" என்று உரக்கச் சொன்னார்.

டீச்சரம்மா கற்பூரத்தை வைத்தார். எத்தனை காலமாகவோ தீயைப் பார்க்காத அடுப்பு அது. புகை முதலில் ஹாலுக்குள்தான் வந்தது. எல்லோரும் இருமினார்கள். போயிற்று, நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். புகை ஒரு நொடி தயங்கி நின்றது. அப்புறம் மேலேயிருந்து யாரோ முடியைப் பிடித்து இழுத்த மாதிரி விருட்டென்று கூண்டுக்குள் ஏறிவிட்டது. நீ கரி பூசிக்கொண்டு சுத்தம் செய்த வழி அது. தீ நிமிர்ந்து எரிந்தது. செம்புத் தகட்டில் இருந்த ஒவ்வொரு ஒடுக்கிலும் ஒரு தீ. நூறு அகல் விளக்கு ஏற்றின மாதிரி! எதற்காக வேண்டுமென்றே ஒடுக்குப் போட்டான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீச்சரம்மாவும் அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே வேலியோரம் பிள்ளைகள் கத்தினார்கள். "டேய், ரயிலு கெளம்பிடுச்சுடா!"

பால் விளிம்புக்கு வந்தது. நுரை எழும்பிற்று. யாரும் மூச்சு விடவில்லை, கல்லை இறக்கி வைத்த எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான். சாய்த்து வைத்தாலும் பால் அல்லவா, அதற்கென்று ஒரு மனசு இருக்கும். நுரை பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொய்யென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் பால் கிழக்கே, எங்கள் எல்லோரையும் பார்த்து, பச்சை ஓடுகள்மேல் வழிந்து ஓடி வருகிறது.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். மேஸ்திரி யாரும் சொல்லாமலே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சரம்மா என்னைக் கட்டிக்கொண்டதில் என் தாவணியெல்லாம் பால்.

சாப்பாடு முடிந்ததும் இன்னொன்று நடந்தது. பெரியவரின் சாமான்களை இறக்கினார்கள். அதில் ஒரு ஒயர் நாற்காலி. சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஒயர் பின்னியது, ஒரு பக்கம் தொய்ந்துபோனது. அதை அவர் தானே தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சரம்மாவுக்குப் பகீரென்றது. அந்த ஹாலுக்கென்று ஒவ்வொரு நாற்காலியாகத் தேடி வாங்கியவர் அல்லவா அவர்.

"மாமா, இதை உங்க ரூம்ல போட்டுக்கலாமே. இந்த வீட்டுக்கு இது..."

"இது அவ பின்னுனதும்மா" என்றார் பெரியவர். தொய்ந்த ஒயரை விரலால் தடவிக்கொடுத்தார்.

"இருக்கட்டுமே டீச்சரம்மா, இன்னா இப்போ? மிசினா பின்னுச்சு? அதுவுந்தான் கையால செஞ்சது!"

ஹாலே சிரித்தது. டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தேக்கு நாற்காலி ஒன்றைத் தள்ளி, ஒயர் நாற்காலிக்கு நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கினார். பேசியது யார் என்று எனக்கே ஒரு நொடி புரியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் உன்னைத் தேடவில்லை அக்கா. இடப்பக்கம் திரும்பவில்லை. ஏரிக்கரையில் நடந்து வரும்போதுதான் அது உறைத்தது. உன்னைத் தேடாமலே ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டது.  அவ்வளவு சீக்கிரம் உன்னை விட்டுவிட்டேனா என்று பாதி வழியில் நின்றுவிட்டேன்.

பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேஸ்திரி வந்தார். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"நீ பேசுனப்ப ஒரு நிமிசம் தூக்கிப்போட்டுச்சு எனக்கு. அந்த இழுத்துப் பேசறது, அந்தக் கை ஆட்டறது, எல்லாம் அப்படியே அவதான். எங்க கத்துக்கின?"

கற்றுக்கொள்ளவில்லை. உன் காதில் சொல்லிச் சொல்லி, நீ அதை எப்படிச் சொல்வாய் என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

"நாளைக்கு வெரசா வா. சமையல்கட்டு அலமாரி இன்னும் சுரண்டல" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி சைக்கிளில் ஏறினார். இந்தத் தடவை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வரேன் மேஸ்திரி" என்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சத்தமாக.